குருதேவரின் அருள்பெற்ற நடிகை பினோதினி

கட்டணம் பெற்றுக்கொண்டு நாடகம் நடத்தும் பொது அரங்கம் கல்கத்தாவில் 1872-ஆம் ஆண்டு டிசம்பரில் தோன்றியது. அங்கே பெண் வேடங்களையும் ஆண்களே புனைந்து வந்தனர். மறு ஆண்டே பெங்கால் தியேட்டர் என்ற புதிய அரங்கத்தார், பெண் வேடத்திற்குப் பெண்களையே அமர்த்துவது என்று முடிவு செய்தனர். இதனை அவர்களிடம் வற்புறுத்தியவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர். ஆனால் நடிக்கப் பெண்கள் எங்கிருந்து வருவார்கள்? குடும்பப் பெண்கள் அந்தப்புரத்தை விட்டு வெளியே முகம் காட்டாத காலம் அது. ஆகவே விலைமாதர் வாழ்ந்த தெருக்களிலிருந்து நான்கு பெண்களை அழைத்து வந்தனர். 1873 ஆகஸ்டு 16-ஆம் நாள் 'சர்மிஷ்டை' நாடகத்தில் அவர்கள் மேடையேறினர்.

இம்முடிவை ஏற்க மனமின்றி அரங்கத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து ஒருவர் விலகிக்கொண்டார். அவர் ஈசுவர சந்திர வித்யாசாகர். விதவைகளின் கண்ணீரைத் துடைக்கத் தம் செல்வத்தையும் உடல்நலத்தையும் செலவிட்ட கருணைக் கடல் அவர். அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்களுள் பலர், எவருக்காக அவர் போராடினாரோ அந்த இளம் விதவைகளே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வாழ்வு மறுக்கப்பட்ட பெண் வீட்டை விட்டு வெளியேறினால் அவள் சென்று சேர வேறு இடம் இருக்கவில்லை. சேர்ந்த பின்னரோ திரும்பிவர வழி இல்லை.

ஆங்கில அரசு அவர்களைப் பார்த்த விதம் வேறு. 1868-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம், இப்பெண்கள் காவல் நிலையத்தில் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறித்த நாட்களில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும், தவறினால் தண்டனை என்று விதித்தது. படைவீரர்களை நோயிலிருந்து காப்பதே அதன் நோக்கம். பெண்களைக் காப்பது அன்று. அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்குப் பதிவும் இல்லை, பரிசோதனையும் இல்லை. பெரும் எதிர்ப்புக்குப் பின் 1888-இல் இச்சட்டம் நீக்கப்பட்டது.

இத்தகைய நகரத்தில், கார்ன்வாலிஸ் தெரு 145-ஆம் எண் வீட்டில், 1863-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் பினோதினி. வங்காளிகளின் நாவில் வகரம் பகரமாக ஒலிப்பதால் வினோதினி என்ற பெயர் அங்கே பினோதினி ஆகிறது. வீடு பாட்டிக்குச் சொந்தம். வாடகைக்குக் குடியிருந்தவர்கள் தந்த சொற்பத் தொகையே அவர்களது வருமானம். வறுமை தாளாமல், மணப்பெண்ணின் நகைகளாவது கைக்கு வருமே என்று, பினோதினியின் தம்பிக்குச் சிறு வயதிலேயே மணம் முடித்தனர். அந்த நகைகளை விற்றுச் சில காலம் உண்டனர். பின்னர் அந்தத் தம்பியும் நோயுற்று இறந்துபோனான். பினோதினிக்கும் குழந்தைப் பருவத்தில் ஒரு திருமணம் நடந்தது. ஆனால் மணமகனின் உறவினர் அவனைத் தங்களுடன் அழைத்துச் சென்றுவிட்டனர். அந்த உறவு அத்துடன் முடிந்தது.

அவ்வீட்டில் கங்காபாய் என்ற பாடகி குடியிருந்தார். சிறுமி பினோதினி அவரிடம் இசை பயின்றாள். கங்காபாயின் பாட்டைக் கேட்க வந்துபோனவர்கள் மூலம் கிரேட் நேஷனல் தியேட்டரில் அவளுக்கு இடம் கிடைத்தது. மாதச் சம்பளம் 10 ரூபாய். 1874 டிசம்பரில், மகாபாரதக் கதை ஒன்றில், திரௌபதியின் தோழியாக முதன்முறை மேடையேறினாள். வசனம் சில வரிகளே. அச்சத்தால் கால்கள் நடுங்கியதையும், பேசி முடித்ததும் அவையோர் கைதட்டியதையும் பினோதினி முதுமையிலும் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்குழுவினர் லாகூர், டில்லி, ஆக்ரா, லக்னோ, பிருந்தாவனம் என்று வடநாடு முழுவதும் சுற்றினர். லக்னோவில் 'நீலதர்ப்பணம்' நடந்தபோது, வெள்ளைத் துரையின் கொடுமையைக் காட்டும் காட்சியில் பார்வையாளராக இருந்த ஆங்கிலேயர் சினங்கொண்டு மேடைமேல் பாய்ந்தனர். நாடகக் குழுவினர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

சிறிது காலம் பெங்கால் தியேட்டரில் நடித்த பின், பினோதினி கிரீஷ் சந்திர கோஷின் கண்ணில் பட்டார். அந்த ஆசானும் அந்த மாணவியும் சேர்ந்தது வங்க நாடக உலகின் நற்பேறு. கிரீஷ் அவருக்கு வேடங்களை மட்டும் கற்பிக்கவில்லை. ஆங்கில நாடகங்களின் கதைகளைச் சொன்னார், உலகின் பெரிய நடிகைகளைப் பற்றிச் சொன்னார், ஒரு பாத்திரத்தின் உள்ளத்தில் புகுந்து வாழ்வது எப்படி என்று பயிற்றினார். பள்ளிப்படிப்பு மிகக் குறைவாகவே வாய்த்த அந்தப் பெண் அனைத்தையும் பற்றிக்கொண்டார். மைக்கேலின் 'மேகநாதவதம்' நாடகமானபோது அவர் ஒருவரே ஏழு வேடங்களில் தோன்றினார். பங்கிம் சந்திரர் தமது 'மிருணாளினி' மேடையேறியதைக் காண வந்தவர், மனோரமையைத் தாம் ஏட்டில் மட்டுமே எழுதியிருந்ததாகவும், அவளை நேரில் காண்போம் என்று எண்ணியதே இல்லை என்றும் சொல்லி வியந்தார். 12 ஆண்டுக் கால நடிப்பு வாழ்வில் பினோதினி ஏற்ற வேடங்கள் 90-க்கு மேல் என்பர்.

ஆனால் திரை விழுந்த பின் அவர் யார்? செல்வந்தர் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தாக வேண்டிய பெண். அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு வேறு பாதுகாப்பு இல்லை. இந்நிலை அவரது வாழ்வின் பெரிய தியாகத்திற்கும் பெரிய ஏமாற்றத்திற்கும் காரணமாயிற்று.

நேஷனல் தியேட்டரின் உரிமையாளரான பிரதாப்சந்த் ஜஹுரி, நோயின் காரணமாக விடுப்பு நீண்டதற்காகப் பினோதினியின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே மனக்கசப்பில் இருந்த கிரீஷும் தோழர்களும் சொந்த அரங்கம் ஒன்று வேண்டும் என்று எண்ணினர். கையில் பணம் இல்லை. அப்போது குர்முக் ராய் என்ற இளம் மார்வாரிச் செல்வர் முன்வந்தார். அரங்கம் கட்டித் தருவேன், ஆனால் பினோதினி என் ஆதரவுக்கு வர வேண்டும் என்பது அவரது நிபந்தனை. தோழர்கள் பினோதினியிடம் மன்றாடினர். அவர் மிகவும் தயங்கினார். ஏனெனில் அதுவரை அவரை ஆதரித்து வந்தவரைக் கைவிட வேண்டியிருந்தது. செய்தி அறிந்த அந்த மனிதர் ஒரு விடியற்காலையில் உருவிய வாளுடன் வந்து வெட்ட ஓங்கினார். பினோதினி விலகிக்கொண்டதால் வாள் ஹார்மோனியத்தில் பாய்ந்தது.

குர்முக் ராய் ஒரு கட்டத்தில், நாடகத்தையே விட்டுவிட்டால் 50,000 ரூபாய் தருகிறேன் என்று கூறினார். அது அன்று மிகப் பெரிய தொகை. பினோதினி மறுத்துவிட்டார். அரங்கம் கட்டினால் மட்டுமே என்று உறுதியாக நின்றார். பீடன் தெரு 68-ஆம் எண் மனையில் வேலை தொடங்கியது. அஸ்திவாரப் பள்ளத்தை நிரப்பும் பணியில் அவரே கூலியாட்களுடன் மண்கூடை சுமந்தார். கூடைக்கு இத்தனை சோழி என்று கொடுத்து அவர்களை உற்சாகப்படுத்தினார்.

அரங்கத்திற்கு அவரது பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து 'பி தியேட்டர்' என்று பெயர் வைப்பதாகத் தோழர்கள் சொல்லியிருந்தனர். பெயரைப் பதிவு செய்யச் சென்றவர்கள் திரும்பிவந்ததும் பினோதினி ஆவலுடன் கேட்டார். 'ஸ்டார்' என்று பதிவாகியிருந்தது. விலைமகள் ஒருத்தியின் பெயரைச் சூட்டினால் கண்ணியமானவர்கள் வரமாட்டார்களே என்பது அவர்களது எண்ணம். அவளை விலையாகக் கொடுத்து அரங்கத்தைப் பெறுவதில் கண்ணியம் குறையவில்லை, அவள் பெயரைப் பலகையில் எழுதுவதில் மட்டும் குறைந்துவிட்டது! அவர் தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொண்டு நடித்தார். 1883 ஜூலை 21-ஆம் நாள் 'தட்ச யஜ்ஞ'த்துடன் ஸ்டார் தியேட்டர் திறக்கப்பட்டது. கிரீஷ் தட்சனாகவும் பினோதினி சதியாகவும் நடித்தனர். சில மாதங்களில் குடும்ப நெருக்கடியால் குர்முக் ராய் அரங்கத்தை விற்க நேர்ந்தது. அதில் ஒரு பங்கைப் பினோதினிக்குத் தர அவர் விரும்பியும் கிரீஷ் அதற்கு இசையவில்லை. 11,000 ரூபாய்க்குத் தோழர்கள் நால்வர் உரிமையாளராயினர். அந்த நால்வருள் பினோதினி இல்லை.

1884 ஆகஸ்டில் கிரீஷின் 'சைதன்ய லீலை' அரங்கேறியது. நிமாயியாக, அதாவது இளம் சைதன்யராக, பினோதினி. இவ்வேடம் அவரை நடுங்கச் செய்தது. தாம் எங்கே, அந்த மகாபிரபு எங்கே! நாடக நாளில் அதிகாலையில் எழுந்து கங்கையில் நீராடி, துர்க்கையின் திருநாமத்தை 108 முறை எழுதி, சைதன்யரின் திருவடியை நினைந்து அழுதபின்னரே அரங்கத்திற்குச் சென்றார். மேடையில் ஹரிநாமம் பாடியபடி பலமுறை உணர்விழந்தார். ஒருநாள் நாடகம் காண வந்த பாதிரியார் லாஃபோன், மயங்கிக் கிடந்த அவரை வந்து பார்த்துத் தம் கைகளால் தடவித் தெளிவித்தார். கேளிக்கைக்காக வந்தவர்களெல்லாம் கண்ணீருடன் திரும்பினர். நாடகக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத வைணவர்களும் வந்தனர்.

செப்டம்பர் 21-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் வந்தார். இந்த நாடகத்தில் விலைமாதர் நடிக்கிறார்களே என்று பக்தர்களிடையே தயக்கம் எழுந்தது. குருதேவருக்கு அத்தயக்கம் இல்லை. அவர்களை ஆனந்தமயியான அன்னையாகவே தாம் காண்பதாகக் கூறினார். அவர்கள் சைதன்யராக வேடமிட்டால்தான் என்ன? நெட்டியில் செய்த சீத்தாப்பழத்தைக் கண்டால் உண்மையான சீத்தாப்பழம் நினைவுக்கு வருகிறதல்லவா என்பது அவரது விளக்கம். அரங்க வாயிலில் கிரீஷ் வணங்க, குருதேவர் பதிலுக்கு வணங்க, கிரீஷ் மீண்டும் வணங்க, அவரும் மீண்டும் வணங்க, இது முடியாது போலிருக்கிறதே என்று கிரீஷ் மனத்திற்குள் வணங்கி நிறுத்திக்கொண்டார். நாடகத்தின்போது குருதேவர் பலமுறை சமாதியில் ஆழ்ந்தார். எப்படி இருந்தது என்று கேட்டவருக்கு, அசலையும் நகலையும் ஒன்றாகவே கண்டதாகச் சொன்னார்.

பினோதினி வந்து பணிந்தார். நல்லோர் எவரும் தொடத் தயங்கும் தலையில் அந்தப் புனிதக் கரங்கள் படிந்தன. அம்மா என்று அழைத்து, அவளுக்குச் சைதன்யம் உண்டாகட்டும் என்று வாழ்த்தினார். சைதன்யம் என்ற சொல் நடித்த வேடத்தின் பெயருமாகும், ஆன்ம விழிப்பும் ஆகும். அன்னை என்ற சொல்லும் சம்பிரதாயமாக வந்ததன்று. அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் 'பிரகலாத சரித்திரம்' காண வந்தபோது நடிகைகள் வரிசையாக வந்து அவர் பாதங்களைத் தொட்டனர். அவர்களையும் தாயே என்றே அழைத்தார். அவர்கள் சென்றபின், இறைவனே இத்தனை வடிவங்களில் இருப்பதாகப் பக்தர்களிடம் சொன்னார். 'ம' என்ற மகேந்திரநாத குப்தர் இதனைக் குறித்து வைத்துள்ளார்.

1885 இறுதியில் குருதேவர் தொண்டைப் புற்றுநோயுடன் சியாம்புகூர் வீட்டில் தங்கியிருந்தார். தொற்று நேராமலும் உடல் களைக்காமலும் இருக்க, புதியவர்கள் வருவதைச் சீடர்கள் தடுத்து வந்தனர். பினோதினியை யார் உள்ளே விடுவார்கள்? அவர் கிரீஷின் நண்பரும் பக்தருமான காளிபத கோஷிடம் கெஞ்சினார். ஒரு மாலையில் காளிபதர் ஓர் ஐரோப்பியக் கனவானை உடன் அழைத்து வந்தார். கோட்டு, கால்சட்டை, தொப்பி. வாயிலில் காவலிருந்த நிரஞ்சனருக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை. அறைக்குள் நுழைந்ததும் கனவான் யாரென்று தெரிந்தது. அத்தனை வலியிலும் குருதேவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பெண்ணின் துணிவையும் பக்தியையும் பாராட்டினார். பினோதினி அவர் பாதங்களில் தலைவைத்து அழுதார். ஏமாற்றப்பட்ட சீடர்கள் பின்னர் செய்தியறிந்து கோபம் கொண்டனராயினும், குருதேவரே மகிழ்ந்திருக்கும்போது அவர்கள் என்ன செய்ய முடியும்! பெண்ணாக வந்தால் மூடும் கதவு துரையாக வந்தால் திறந்தது. வேடமிடுவதையே தொழிலாகக் கொண்ட பினோதினி கட்டிய வேடங்களுள் இதுவே அவருக்கு மிகவும் பயன்பட்டது.

1886 ஜூனில் 'வில்வமங்களம்' மேடையேறியது. ஸ்ரீகிருஷ்ண கர்ணாமிருதம் பாடிய லீலாசுகரின் கதை அது. அவரை இறைவன்பால் திருப்பிய கணிகை சிந்தாமணியாகப் பினோதினி நடித்தார். ஆகஸ்டு 16-ஆம் நாள் குருதேவர் மகாசமாதி அடைந்தார். அடுத்த ஆண்டு தொடங்கியதும் பினோதினி மேடையை விட்டு விலகிவிட்டார். வயது 24 தான். உடன் நடித்தவர்களின் ஏமாற்றும் பொறாமையும் அவர் மனத்தை முறித்துவிட்டிருந்தன.

பினோதினியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சியாம்புகூருடன் நிறுத்திவிடுகின்றனர். அதன்பின் அவர் 55 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை மறந்துவிடலாகாது. உயர்குடிச் செல்வர் ஒருவரின் ஆதரவில் அவரது வாழ்வு அமைதியாகவே கழிந்தது. சகுந்தலை என்று ஒரு மகள் பிறந்தாள். அவளையாவது படிக்கவைக்க வேண்டும் என்று தாய் முயன்றார். பிறப்பைக் காரணம் காட்டிப் பள்ளிகள் அவளைச் சேர்க்க மறுத்துவிட்டன. சைதன்ய லீலை கண்டு விம்மியழுத அதே நகரத்துப் பள்ளிகள்தாம். 13 வயதில் அந்தப் பெண் நோயுற்று இறந்தாள். 1905-இல் வெளிவந்த தமது 'கனகமும் நளினியும்' என்ற கவிதை நூலைப் பினோதினி மகளுக்கே காணிக்கையாக்கினார்.

1912-இல் 'ஆமார் கதா', அதாவது என் கதை, என்ற தன்வரலாறு வெளிவந்தது. இந்திய மொழிகளில் நடிகை ஒருவர் எழுதிய தன்வரலாறுகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. ஆசான் கிரீஷுக்கு எழுதும் மடல்களாக அமைந்தது. அவர் எழுதித் தந்த முன்னுரையில் ஸ்டார் தியேட்டர் உருவான உண்மை முழுமையாக இல்லை என்று பினோதினி மனம் வருந்தி, திருத்தி எழுதித் தருமாறு வேண்டினார். எழுதித் தருவதாகச் சொன்ன கிரீஷ் 1912 பிப்ரவரியில் காலமானார். முதற்பதிப்பு அம்முன்னுரை இல்லாமலே வந்தது. பழைய முன்னுரை மறுபதிப்பில் சேர்க்கப்பட்டது.

அந்நூலைப் படிப்பவர் அருள்பெற்ற அடியார் ஒருவரின் நிறைவை எதிர்பார்த்தால் திகைப்பர். மகளை இழந்த தாயின் புலம்பல் பக்கம் பக்கமாக வருகிறது. தமக்கு உற்றார் இல்லை, சமூகம் இல்லை, நம்பிக்கையும் இல்லை என்று எழுதுகிறார். விலைமகளாக எவளும் பிறப்பதில்லை என்றும், அவளை அந்நிலைக்கு இழுத்துவிட்ட ஆண்களே பிறகு ஊரார் முன் ஒழுக்கம் பேசுகிறார்கள் என்றும் சினத்துடன் கேட்கிறார். இவற்றுக்கு நடுவே ஒன்றே ஒன்றுதான் அசையாமல் நிற்கிறது. உலகம் தம்மை இழிவாகப் பார்ப்பதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, பரமஹம்ச தேவர் தம்மீது கருணை காட்டினார் என்கிறார் அவர். துயரம் தீர்ந்துவிட்டதாக அவர் பொய் சொல்லவில்லை. அதனாலேயே இந்தச் சொல்லை நம்ப முடிகிறது.

குருதேவர் திறந்த கதவு மீண்டும் மூடப்படாமல் காத்தவர்களும் இருந்தனர். தட்சிணேசுவரத்தில் நடக்கும் குருதேவரின் ஜயந்தி விழாவுக்கு விலைமாதர் பலர் வருவதால் மற்றவர்கள் வரத் தயங்குகிறார்கள் என்ற முறையீடு சுவிட்சர்லாந்தில் இருந்த சுவாமி விவேகானந்தருக்கு எட்டியது. 1896 ஆகஸ்டு 23-ஆம் நாள் அவர் சசி மகராஜுக்கு, அதாவது மறு ஆண்டு சென்னைக்கு வந்து மடம் நிறுவிய சுவாமி ராமகிருஷ்ணானந்தருக்கு, மறுமொழி எழுதினார். இறைவனின் சந்நிதிக்கு அவர்கள் வரக்கூடாதென்றால் வேறெங்கே செல்வார்கள், இறைவன் புண்ணியவான்களைவிடப் பாவிகளுக்காகவே அதிகம் வெளிப்படுகிறான் என்பது அதன் சாரம். பினோதினி சிறுமியாக இருந்தபோது மேடைக்கு அழைத்துவந்து வளர்த்த தாராசுந்தரியும், மற்றொரு நடிகையான தீன்கடியும் அன்னை ஸ்ரீசாரதாதேவியாரிடம் வந்துபோயினர். அன்னை அவர்களைத் தம் பெண்களாகவே ஏற்றார். வங்க நாடக அரங்குகளில் ஒப்பனை அறையில் குருதேவரின் படத்தை வைத்து வணங்கிவிட்டு மேடையேறும் வழக்கமும் பரவியது.

ஆதரித்தவர் மறைந்தபின் பினோதினி தாம் பிறந்த பழைய வீட்டிற்கே திரும்பினார். 1924-25-இல் தம் நடிப்பு வாழ்வைப் பற்றி ஓர் இதழில் தொடர் எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு நாடகம் பார்க்க வந்து அமரும் அந்த முதியவளை இளம் நடிகர்கள் தங்களுக்குள் சுட்டிக் காட்டிக்கொண்டனர். 1941 பிப்ரவரி 12-ஆம் நாள் அவர் காலமானார்.

குருதேவர் அமர்ந்து சைதன்ய லீலை கண்ட பீடன் தெரு அரங்கம் இன்று இல்லை. சாலை அமைக்க அது இடிக்கப்பட்டுவிட்டது. ஸ்டார் என்ற பெயருடன் 1888-இல் ஹாத்திபகானில் எழுந்த அரங்கம் 1991-இல் தீக்கிரையாகி, புதுப்பிக்கப்பட்டு 2004-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதற்குப் பினோதினி தியேட்டர் என்று பெயர் மாற்றப்படுவதாக மேற்கு வங்க முதலமைச்சர் 2024 டிசம்பர் 30-ஆம் நாள் அறிவித்தார். பெயர்ப்பலகைக்கு 141 ஆண்டுகள் ஆயின.